சத்தம் போடாத பூகம்பம்

பெங்களூர் பீன்யாவில், லேத் பட்டறைகளுக்கு நடுவே இருக்கிறது இஸ்ரோவின் இஸ்ட்ராக் மையம். 2025 ஜூலை 30-ல் ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோளை இஸ்ரோ தரப்பில் கவனித்துக்கொள்வது இங்கேதான். தரை சில சென்டிமீட்டர் நகர்ந்தாலும் நிசாரின் ரேடார் கண்டுகொள்ளும்.

மெதுவான பூகம்பத்தைப் பிடிக்க இத்தகைய கண் வேண்டும். பாறைத் தட்டுகள் வாரக்கணக்கில் நழுவும். மேஜைமேல் தம்ளர்கூட ஆடாது. நல்லதுதானே என்கிறீர்களா? நழுவிய இடத்தில் குறையும் பாரம், இறுகிக் கிடக்கும் பக்கத்துப் பாறைமேல் ஏறுகிறதே! 2011-ல் ஜப்பானைப் புரட்டிய பூகம்பத்துக்கு முன் இப்படி நழுவல் நடந்தது. கனடாவின் மேற்குக் கரையிலோ சுமார் 14 மாதத்துக்கு ஒருமுறை நழுவுகிறது. அங்கே கடைசிப் பெரிய பூகம்பம் 1700-ல்.

நமக்குக் கவலை அந்தமான். 2004 டிசம்பர் 26-ல் சுனாமியைக் கிளப்பிய பிளவின் வடபகுதி மெதுவாகவே நழுவியது என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு. அந்தப் பிளவு கடலடியில். ரேடார் தண்ணீரைத் துளைக்காது. கடல்தரையில் கருவி வைக்கவும் பணம் ஒதுக்கியாக வேண்டும்.