பள்ளி மூடிய நாளிற் பிள்ளைக்குச் சோறு

தவணை விடுமுறை முடிந்து பாடசாலை திறக்கும் முதல் நாட் காலைக் கூட்டத்திலே இரண்டு மூன்று பிள்ளைகளாவது மயங்கி விழுவது வழக்கம் என்று, வன்னியிலே கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் அண்மையில் எம்மிடம் கூறினார். வெயிலின் கொடுமையாக இருக்கலாம் என்றோம். "வெயில் எல்லா நாளும் உண்டு, ஐயா; இந்த மயக்கம் விடுமுறைக்குப் பிறகுதான் வருகிறது" என்றார் அவர். பாடசாலைச் சோறு வயிற்றிற் சென்ற பின்னர் அதே பிள்ளைகள் ஓடி விளையாடுகின்றனராம். இதற்கு வைத்தியர் ஒருவர் வந்து காரணம் கூறவேண்டியதில்லை.

பாடசாலையிற் பிள்ளைகளுக்கு உணவளிப்பது எமது நாட்டிற்குப் புதிதன்று. பணிசும் பாலும் பெற்றுப் படித்த தலைமுறை இன்னும் எம்மிடையே இருக்கின்றது. 1945 ஆம் ஆண்டிலே இலவசக் கல்வி வந்தபோதே, வெறுவயிற்றிற் கல்வி ஏறாது என்பதையும் அறிந்தோர் அறிந்திருந்தனர். 2024 ஆம் ஆண்டிலே, அரசாங்கப் பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவு மாணவர் அனைவருக்கும் இவ்வுணவு விரிவுபடுத்தப்படும் என அரசாங்கம் அறிவித்தது. நன்மை செய்தவிடத்து அதனை நன்மையென்றே கூறுவோம். ஆனால் அந்தச் சோறு பாடசாலை நாளுக்கு மாத்திரம் உரிய சோறு. பிற்பகல் மணி அடித்தபின் அது இல்லை. சனி, ஞாயிறில் இல்லை. ஏப்பிரில், ஓகஸ்ட், டிசெம்பர் விடுமுறைகளில் இல்லை. 2022 ஆம் ஆண்டு யூன், யூலை மாதங்களிலே, உணவுப் பண்டங்களின் விலை விஷம் போல் ஏறிய வேளையில், எரிபொருள் இன்மையாற் பாடசாலைகள் பல மூடப்பட்டன. சோறு மிகவும் வேண்டப்பட்ட அந்த வாரங்களிலேதான் அது இல்லாமற் போயிற்று.

அயல்நாடாகிய இந்தியாவிலே இவ்விடயம் நீதிமன்றம் வரை சென்றது. களஞ்சியங்களிலே தானியம் குவிந்து கிடக்க, இராசத்தானத்திலே மக்கள் பசியால் வாடியபோது, மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001 ஆம் ஆண்டிலே உச்ச நீதிமன்றிற்குச் சென்றது. அவ்வாண்டு நவம்பர் 28 ஆந் திகதி பிறந்த கட்டளை, அரசாங்க ஆரம்பப் பாடசாலைப் பிள்ளை ஒவ்வொன்றிற்கும் ஆண்டிற் குறைந்தது 200 நாட்கள், 300 கலோரிக்குக் குறையாத சமைத்த உணவு கொடுக்கப்படல் வேண்டும் என்றது. 365 இலிருந்து 200 ஐக் கழித்தால் எஞ்சுவது 165. அந்த 165 நாட்களைப் பற்றி யார் கேட்பது? 2004 ஏப்பிரிலிலே அதே நீதிமன்றம், வரட்சியால் வாடும் பிரதேசங்களிற் கோடை விடுமுறையிலும் உணவு வழங்கப்படல் வேண்டும் என்று பணித்தது. எனினும் 2013 ஆம் ஆண்டிலே இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 5 ஆம் பிரிவிலே இவ்வுரிமையை எழுதும்போது, பாடசாலை விடுமுறை நாட்கள் நீங்கலாக என்ற சொற்களையும் சேர்த்தே எழுதிற்று. சட்டம் படித்தோர் இத்தகைய சிறு தொடர்களை இருமுறை வாசிப்பது வழக்கம். நீதிமன்றம் திறந்த கதவைச் சட்டமன்றம் பாதி சாத்திவிட்ட கதை இது.

செல்வத்திற் கொழிக்கும் அமெரிக்காவோ 1968 ஆம் ஆண்டிலேயே இதனை உணர்ந்தது. சோதனையாகத் தொடங்கிய கோடைகால உணவுத் திட்டம் 1975 இலே தனித் திட்டமாயிற்று. உள்ளூராட்சி மன்றங்களும் பாடசாலைகளும் தருமத் தாபனங்களும் பொறுப்பேற்று உணவு வழங்க, மத்திய அரசாங்கம் பணம் கொடுக்கின்றது. 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர், வறிய பகுதிகளிலே மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு இராப்போசனம் அளிக்கவும் எல்லா மாநிலங்களிலும் வழி பிறந்தது. அத்திட்டத்திலே எம்மைக் கவர்ந்தது ஒன்றுண்டு. வறிய பகுதியென்று கண்ட இடத்திலே, 18 வயதிற்குட்பட்ட எந்தப் பிள்ளையும் வந்து உண்ணலாம். உன் தகப்பனின் வருமானம் என்ன என்று வாசலில் எவரும் கேட்பதில்லை. இங்கோ, ஒரு பிடி சோற்றுக்கும் கிராம அலுவலரின் அத்தாட்சிப் பத்திரம் கேட்கும் மனப்பான்மை இன்னும் நீங்கவில்லை. அத்திட்டத்திற் குறையும் இருந்தது. வந்து அமர்ந்து உண்டாற்றான் உணவு என்ற விதியினால், வாகன வசதியற்ற நாட்டுப்புறப் பிள்ளைகள் பல்லாண்டுகள் பட்டினி கிடந்தனர். 2022 டிசெம்பரிலே இயற்றப்பட்ட சட்டமே, நாட்டுப்புறங்களில் உணவை வீட்டிற்குக் கொண்டு செல்ல இடமளித்தது. வன்னியின் தூரங்களை அறிந்த எமக்கு இப்பாடம் பெரிது.

நாமும் உயர் நீதிமன்றப் படியேறலாமே என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒன்று கூறுவோம். எமது அரசியலமைப்பின் 27 ஆவது உறுப்புரை, போதிய உணவு உள்ளிட்ட வாழ்க்கைத் தரத்தை மக்கள் யாவரும் அடைவதை அரசின் குறிக்கோள்களுள் ஒன்றாகக் கூறுகின்றது. 29 ஆவது உறுப்புரையோ அதனை எந்த நீதிமன்றிலும் வலியுறுத்தலாகாது என்கின்றது. இந்தியாவிலே உயிர்வாழும் உரிமை என்னும் வாயிலினூடாக உணவு உரிமை நுழைந்தது. அவ்வுரிமையை வெளிப்படையாகக் கூறும் உறுப்புரை எமது அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் இல்லை. ஆகவே வழக்கை நம்பி இருத்தல் பேதைமை. பாடசாலை உணவு சுற்றறிக்கையால் வருவதாக இல்லாமற் சட்டத்தால் வருவதாகவும், விடுமுறை நாட்களையும் உள்ளடக்குவதாகவும் அமைய வேண்டும் என்று எமது பாராளுமன்றப் பிரதிநிதிகள் கேட்டல் வேண்டும்.

அது வருமளவும் கைகட்டி இருப்பதா? 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், மக்களின் நலன் பேணும் பொறுப்பைப் பிரதேச சபைகளிடம் ஒப்படைத்திருக்கின்றது. வீதி விளக்கு மாத்திரந்தான் மக்கள் நலனா? எமது ஊர்களிலே சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. பலவற்றில் மாலை வகுப்புகள் நடைபெறுகின்றன. பிற்பகல் பாடசாலை விட்டு, இரவு ஏழு மணிவரை கணக்கும் ஆங்கிலமும் படிக்கும் பிள்ளை இடையில் உண்பது என்ன? கையில் ஐம்பது ரூபா இருப்பவன் பெட்டிக்கடையிற் பொரித்த பண்டம் வாங்குகின்றான். இல்லாதவன் குழாய்த் தண்ணீர் குடிக்கின்றான். இரண்டும் உணவன்று. அவித்த பயறும் தேங்காய்ப் பூவும், கௌபி, குரக்கன் கூழ், முருங்கையிலை இட்ட கஞ்சி, வாரத்தில் இரு முட்டை: இவற்றுக்குக் கப்பல் வரவேண்டியதில்லை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் விளைவிப்பவன், அறுவடைக் காலத்திலே கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் திரும்புகின்றான். அவனது நெல்லையும் பயறையும் ஊர்ப் பிள்ளைகளின் உலைக்கென நியாய விலையில் முன்கூட்டியே பேசி வாங்கினால், பிள்ளையும் வாழும், கமக்காரனும் வாழ்வான்.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். பாடசாலை உணவு சமைக்கும் பெண்கள், கொடுப்பனவு மாதக்கணக்கிற் பிந்துவதாக முறையிடுவது நாடறிந்தது. கடைக்காரனிடம் கடன் சொல்லி அரிசி வாங்கி உலை வைப்பவளின் பொறுமைக்கும் எல்லை உண்டு. கடன் ஏறினால் முதலிற் குறைவது முட்டை, பின்னர் மரக்கறி, ஈற்றில் அளவு. புதுத் திட்டம் எதுவாயினும், சமைப்பவளுக்கு வாரந்தோறும் பணம் கொடுக்கும் ஒழுங்கின்றித் தொடங்கற்க.

பெற்றோரின் கடமையை ஊர் ஏற்பதா என்பாரும் உளர். மலைநாட்டுத் தோட்டத்திலே கொழுந்து கொய்யும் தாயும், கரைவலை இழுக்கும் தகப்பனும் கடமை தவறியவரல்லர். நண்பகலில் வீட்டில் இருக்க இயலாதவர். அன்னதானக் கந்தன் என்று சந்நிதி முருகனைக் கொண்டாடும் நாம், திருவிழாவில் வரும் அடியார் எவரிடமும் வருமானம் கேட்டு இலை போடுவதில்லை. ஆலய அறங்காவலர்கள் ஓகஸ்ட் விடுமுறையின் ஒரு வாரத்தையேனும் ஊர்ப் பிள்ளைகளுக்கென ஒதுக்கினால், மடப்பள்ளிக்குக் குறைவு வாராது.

2025 மே மாதத் தேர்தலிலே தெரிவான பிரதேச சபைகள், ஆண்டுதோறும் நவம்பர், டிசெம்பர் மாதங்களில் அடுத்த ஆண்டிற்கான வரவு செலவுத் திட்டத்தை ஆராய்கின்றன. வாக்குக் கேட்டு வந்தவரின் வீட்டு வாயிலுக்கு இம்முறை வாசகர்கள் செல்லட்டும். மாலை வகுப்பு நடைபெறும் சனசமூக நிலையங்கள் எத்தனை, அங்கு வரும் பிள்ளைகள் எத்தனை பேர், ஏப்பிரில் விடுமுறையில் எத்தனை நாள் அடுப்பு எரியும், அதற்கு எத்தனை ரூபா என்று கேளுங்கள். விடை எழுத்தில் வரட்டும். வரும் விடைகளை, சபையின் பெயரோடு, இப்பத்திரிகையில் வெளியிடுவோம்.