மேலே பளபளப்பு, கீழே துரு

போன வாரம் ரிங்லெட் தேநீர்க் கடையில் ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, பழைய லேண்ட்ரோவர் ஒன்னு விலைக்கு வந்திருக்கு. பாடியில பொட்டுத் துரு இல்ல. வாங்கலாமா?"

கேமரன் மலைக்காரர்களுக்கு இந்த வண்டியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தேயிலைத் தோட்டப் பாதையிலும் காய்கறித் தோட்டச் சரிவிலும் நாற்பது, ஐம்பது வயதான வண்டிகள் இன்றும் மூட்டை சுமக்கின்றன.

பாடியில் துரு இருக்காதுதான். 1948-இல் இந்த வண்டி வந்தபோது, போர் முடிந்த இங்கிலாந்தில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு. அதனால் பாடியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அதைத் தாங்கும் சேசிஸ் மட்டும் இரும்பு, உள்ளே கூடு. சேறும் தண்ணீரும் புகுந்தால் உள்ளிருந்தே அரிக்கும். உர மூட்டை ஏற்றிய வண்டி என்றால் இன்னும் சீக்கிரம்.

தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்ற என் அப்பா, சேமநிதிப் பணத்தில் எனக்கு ஒரு வண்டி வாங்கித் தந்தார். அதன் பாடியும் பளபளப்புதான். மூன்றாம் மாதம், முட்டைக்கோஸ் ஏற்றித் தாப்பா சாலையில் இறங்கும்போது பின் குறுக்குச் சட்டம் பிளந்தது. நல்லவேளை, பின்னால் யாரும் உட்காரவில்லை. ஓட்டையின் மேல் தகரத்தை ஒட்டி, தார் பூசி விற்றிருக்கிறார்கள். பட்டறைச் செலவில் மிச்சப் பணமும் கரைந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரமே தோட்டத்தில் தினக்கூலி வேலைக்குப் போய்விட்டார்.

தம்பிக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவச் சொல்லுங்கள். பிறகு டார்ச் லைட், சிறு சுத்தியல், திருப்புளியோடு கீழே படுங்கள். பின் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் மாட்டும் இடங்கள் என்று தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு 'ணங்' என்னும். உளுத்தது 'பொத்'தென்னும். கம்பி பிரஷில் தேய்த்தால் போகிற செம்பொடிக்குப் பயப்பட வேண்டாம். ஏடு ஏடாக உரிந்தாலோ, திருப்புளி உள்ளே இறங்கினாலோ, பட்டறையில் செலவைக் கேட்காமல் விலை பேசாதீர்கள். புதிதாகத் தார் பூசிய இடத்தை இரண்டு முறை தட்டுங்கள்.

கால் மிதியடியையும் தூக்கிப் பாருங்கள். ஓட்டுநரின் கால் பக்கத்துத் தகடும் இரும்புதான். அலுமினியமும் இரும்பும் சேரும் இடத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால், அலுமினியத்தை ஈரம் தின்கிறது என்று பொருள். அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

தட்டிப் பார்க்கவே விடாத வியாபாரியிடம் பேச்சை வளர்க்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்த ஞாயிறு தம்பி வண்டி பார்க்கப் போகிறார். சுத்தியலோடு நானும் போகிறேன்.