கிடாரும் ஒப்பனையும்

எலெக்ட்ரிக் கிடாரை நேராகக் கம்ப்யூட்டரில் இணைத்துப் பதிவு செய்துவிட்டு, ஆம்ப்ளிபயர் சத்தத்தைப் பிறகு மென்பொருளால் ஏற்றுவது ஏமாற்று வேலை என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கல்லூரியில் நான்கு பேர் சேர்ந்து இசைக்குழு ஆரம்பித்தால் அதில் ஒருவராவது இந்தக் கட்சி. எதிர்க்கட்சியும் அதே குழுவில் உட்கார்ந்திருக்கும். "நீ வாசிச்சுட்டுப் போ, மத்ததை மென்பொருள் பார்த்துக்கும்" என்பது அதன் கொள்கை. வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேர் சொல்வதும் பாதிதான் சரி.

கிடார் பிடிக்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். எலெக்ட்ரிக் கிடாரின் கம்பிகளுக்குக் கீழே காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளும் இருக்கும். இதற்குப் பிக்கப் என்று பெயர். கம்பி அதிர்ந்தால் சுருளில் மிகச் சிறிய மின்சாரம் உண்டாகும். அது ஆம்ப்புக்குப் போய்ப் பெரிதாகி, கொஞ்சம் சிதைந்து (அந்தச் சிதைவுக்குத்தான் டிஸ்டார்ஷன் என்று பெயர், அதற்குத்தான் இத்தனை ரசிகர்கள்!), ஸ்பீக்கர் வழியாக வெளியே வரும். ஸ்பீக்கர் முன்னால் மைக் வைத்துப் பதிவு செய்வது பழைய வழக்கம். அதற்கு மாறாக, பிக்கப்பிலிருந்து வருவதை எந்த ஒப்பனையும் இல்லாமல் அப்படியே பதிவு செய்வதுதான் டிரை பதிவு. வெறும் ஒலி என்று வைத்துக்கொள்வோம். கேட்டால் மெலிந்து, சப்பென்று, தகரத்தில் தட்டியது போல் இருக்கும்.

முதல் கட்சிக்கு வரலாறே பதில் சொல்கிறது. 1968ல் பீட்டில்ஸ் வெளியிட்ட 'ரெவல்யூஷன்' பாட்டின் கிடார் காதைக் கிழிக்கும். அங்கே ஆம்ப்பே இல்லை. கிடாரை நேராக ஸ்டுடியோவின் மிக்ஸிங் மேசையில் செருகி, அதன் உள்ளீட்டுச் சுற்றுகளைத் தாங்க முடியாத அளவுக்கு ஏற்றி எடுத்த சத்தம் அது. 1971ல் லெட் செப்பலினின் 'பிளாக் டாக்' கிடாரும் நேராக மேசைக்குப் போனதுதான். 1982ல் வந்த ராக்மேன் என்கிற கையடக்கப் பெட்டியை உருவாக்கியவர் பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ். ஹெட்போனில் வாசித்துப் பழகத்தான் அந்தப் பெட்டி. ஆனால் டெஃப் லெப்பர்டின் 'ஹிஸ்டீரியா' (1987) ஆல்பத்தின் கிடார்களில் பெரும்பகுதி அதன் வழியாகவே பதிவானது. ஏமாற்று வேலை என்பவர்கள் இந்தப் பட்டியலை முதலில் தங்கள் பிளேலிஸ்டிலிருந்து நீக்கட்டும்.

எல்லாவற்றையும்விடப் பொருத்தமான உதாரணம் பிங்க் ஃப்ளாய்டுடையது. 1979ல் வந்த 'அனதர் பிரிக் இன் த வால்' இரண்டாம் பாகத்தில் டேவிட் கில்மர் வாசித்த சோலோ, நேராக மேசையில் பதிவானது. பிறகு அந்தப் பதிவையே ஓர் ஆம்ப் வழியாக அனுப்பிச் சத்தத்தைக் கெட்டியாக்கினார்கள். முதலில் வெறும் ஒலி, பிறகு ஒப்பனை! இன்று விடுதி அறையில் ஒரு மாணவர் செய்வதும் இதேதான். ஆம்ப் இருந்த இடத்தில் மென்பொருள் இருக்கிறது, அவ்வளவே.

அந்த மென்பொருள் இன்று சும்மாவே கிடைக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். 1998ல் லைன் 6 நிறுவனத்தின் பாட் என்கிற சிவப்புப் பெட்டி வந்தபோது அதற்குக் காசு கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது நியூரல் ஆம்ப் மாடலர் என்கிற திறந்த மூல மென்பொருளை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நூறு வாட் வால்வ் ஆம்ப் அதன் முழுச் சத்தத்தில்தான் நன்றாகச் சிதையும். அந்தச் சத்தத்தை எந்த விடுதியில் வைக்க முடியும்? வார்டனை விடுங்கள், அடுத்த அறையில் அரியர் எழுதப் படிக்கிறவன் சும்மா இருப்பானா?

அப்படியானால் மென்பொருள் கிடார் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது என்ற புகார் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்து. கிடாரை லேப்டாப்பின் மைக் துளையிலோ சாதாரண லைன் இன் துளையிலோ செருகுகிறார்கள். பிக்கப்புக்குச் சுமார் பத்து லட்சம் ஓம் எதிர்ப்பு உள்ள உள்ளீடு வேண்டும். லைன் இன் பத்தாயிரம் ஓம் அளவில் இருக்கும். அதில் செருகினால் கூர்மையான ஒலிகள் உள்ளே நுழையும்போதே செத்துவிடும். பிறகு எந்த மென்பொருள் வந்தும் சரிவர மீட்க முடியாது. கருவி உள்ளீடு உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றுதான் இதில் தவிர்க்க முடியாத செலவு.

இரண்டாவது தவறு ஸ்பீக்கரை மறப்பது. ஆம்ப் என்றால் பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்று மட்டும் அல்ல. கிடார் ஆம்ப்பில் இருக்கும் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும். வேறு எதற்கும் இப்படிப்பட்ட ஸ்பீக்கரை யாரும் வாங்க மாட்டார்கள். கிடாருக்கு அந்தக் குறைதான் நிறை. டிஸ்டார்ஷனில் பிறக்கும் கொசு ரீங்காரத்தை வடிகட்டுவது அதுதான். மென்பொருளில் ஆம்ப்பை மட்டும் போட்டு ஸ்பீக்கர் பகுதியை விட்டுவிட்டால் அந்தக் கொசு நேராகக் காதுக்குள் வரும். ஸ்பீக்கரும் அதன் முன் இருந்த மைக்கும் ஒலியை எப்படி மாற்றுகின்றன என்பதைப் பிடித்து வைத்த குட்டி ஒலிக்கோப்புகள் இருக்கின்றன, இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்பார்கள். நாலைந்து ஆம்ப்களை மாற்றிப் பார்ப்பதைவிட இந்தக் கோப்பை மாற்றிப் பார்த்தால் வித்தியாசம் அதிகம் தெரியும்.

சரி, முதல் கட்சி தோற்றது. அதற்காக எதிர்க்கட்சி ஜெயித்துவிட்டதா? இல்லை. "நீ வாசிச்சுட்டுப் போ" என்பது இன்னும் பெரிய தவறு.

எலெக்ட்ரிக் கிடாரில் ஆம்ப் பாதி வாத்தியம். டிஸ்டார்ஷன் போட்டால் மெல்லத் தொட்ட ஸ்வரமும் ஓங்கித் தட்டிய ஸ்வரமும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கும். ஒரு ஸ்வரம் நீண்ட நேரம் நிற்கும். அது தெரிந்தால் விரல் அவசரப்படாது, காத்திருக்கும். வெறும் ஒலியைக் கேட்டுக்கொண்டு வாசிக்கிறவருக்கோ ஸ்வரம் உடனே அணைந்துவிடுவதாகத் தோன்றும். அவர் பலமாகத் தட்டுவார், அடுத்த ஸ்வரத்துக்கு ஓடுவார், தொடாத கம்பிகள் முனகுவதைக் கவனிக்கவும் மாட்டார். மறுநாள் அதன்மேல் டிஸ்டார்ஷனை ஏற்றினால் எல்லாம் குழம்பும். பதிவு வெறும் ஒலியாக இருக்கலாம், வாசிப்பவரின் காதில் விழுவது அப்படி இருக்கக் கூடாது.

உடனே தாமதம் என்கிற சாக்கு வரும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பஃபர் 128 சாம்பிள், வேகம் வினாடிக்கு 44,100 என்றால் ஒரு வழிக்கு 2.9 மில்லி வினாடி. காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஆகும் நேரமும் அவ்வளவுதான். போக வர என்று சேர்த்தாலும் ஆம்ப்பிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று வாசிப்பது போல. மேடையில் எல்லோரும் அப்படித்தானே நிற்கிறார்கள்? பஃபரை 512ல் விட்டுவிட்டால் அது எட்டு மீட்டருக்கு மேல் போய்விடும். அப்போது புலம்புவதில் நியாயம் உண்டு. கணினி தடுமாறினால் மற்ற டிராக்குகளின் எஃபெக்ட்களைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுப் பஃபரைக் குறைக்கலாம்.

ஒன்றை மட்டும் பிறகு சேர்க்கவே முடியாது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் ஆம்ப் எதிரே நின்று வரவழைத்த ஃபீட்பேக் இருக்கிறதே, அது ஸ்பீக்கரின் ஒலி காற்று வழியாகத் திரும்பி வந்து கம்பியையே அதிர வைப்பதால் வருவது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசித்தால் அந்தச் சுற்று நடப்பதில்லை. வெறும் ஒலியில் பதியாத ஓர் அதிர்வைப் பிறகு எந்த ஆம்ப்பாலும் உண்டாக்க முடியாது, நிஜ ஆம்ப்பாலும்கூட. அந்த மாதிரிப் பாட்டுக்கு ஒரு நாள் பயிற்சி அறையை வாடகைக்கு எடுப்பதே சரி.

இன்னொரு வியாதி, முடிவைத் தள்ளிப்போடுவது. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதாலேயே மாற்றிக்கொண்டே இருப்பார்கள். நாற்பது ஆம்ப், நூறு ஸ்பீக்கர், ஒரு பாட்டு, மூன்று மாதம்! இதில் பாதிக்கப்படுவது கிடார் வாசித்தவர் மட்டும் அல்ல. பேஸ் வாசிக்கிறவரும் பாடுகிறவரும் தாங்கள் கேட்கிற கிடாருக்கு ஏற்பத்தான் வாசிப்பார்கள், பாடுவார்கள். அவர்கள் முடித்த பிறகு கிடாரின் சத்தம் வேறாகிவிட்டால் அவர்கள் செய்தது பொருந்தாமல் நிற்கும். பதிவு செய்யும் அன்றே ஒலியைத் தீர்மானித்து, ஒப்பனை ஒலியை ஒரு டிராக்கிலும் வெறும் ஒலியை இன்னொன்றிலும் வைத்துக்கொண்டால் போதும். வெறும் ஒலி ஸ்டெப்னி டயர் மாதிரி, பஞ்சரானால் மட்டும் எடுக்க வேண்டும்.

அதற்கு வேறொரு நல்ல பயன் உண்டு. வாசித்து முடித்ததும் ஆம்ப்பை அணைத்துவிட்டு வெறும் ஒலியை மட்டும் ஒரு முறை கேட்பது. எந்த ஸ்வரம் முந்தியது, எந்தக் கம்பி சுருதி விலகியது, எங்கே விரல் சரியாக அழுந்தவில்லை என்று எல்லாம் அப்பட்டமாகத் தெரியும். 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சலும் தெரியும், சில நேரம் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினாலே அது பாதி அடங்கும். கேட்க வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் கிடார் அப்போது இன்னும் கையில்தான் இருக்கிறது, மறுபடி ஒரு முறை வாசிக்க ஐந்து நிமிடம் ஆகுமா?