பிரம்பு யாருக்கு?

மாநகராட்சிப் பள்ளி மாணவர்கள் கெட்டுவிட்டார்கள். வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுக் கடற்கரையில் சுற்றுகிறார்கள். ஆசிரியர் கையிலிருந்து பிரம்பைப் பிடுங்கியதே இதற்கெல்லாம் காரணம். இப்படியொரு பேச்சை மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் படித்தவர்கள் கூடுமிடமெல்லாம் கேட்கிறோம். நம்மவர் இல்லத் திருமணங்களிலும் கேட்கிறோம். தம் பிள்ளைகளை அந்தப் பள்ளிகளின் வாசற்படி மிதிக்கவிடாதவர்களே இதில் முந்திக்கொள்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை!

ஒழுங்கு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆசிரியரை அவமதிக்கும் மாணவனுக்குப் பரிந்து பேசவும் வரவில்லை. ஆனால் பிரம்பு இருந்த காலத்தில் பிள்ளைகள் பள்ளியை விட்டு ஓடவில்லையா? பிரம்புக்குப் பயந்தே ஓடியவர்கள் எத்தனை பேர் என்பதை நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டாலே தெரியும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையைத் தடை செய்தது முற்றிலும் சரியே.

பையன் ஏன் வரவில்லை? இந்தக் கேள்வியை 1920இலேயே இந்நகரம் கேட்டது. சர் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் தலைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. பசிதான் விடை என்று கண்டவர்கள் பிரம்பைத் தேடவில்லை, அடுப்பை மூட்டினார்கள். பின்னர் 1956இல் காமராசர், 1982இல் எம்.ஜி.ஆர்., 2022இல் காலை உணவுத் திட்டம் என்று அந்த அடுப்பு வளர்ந்த வரலாறு எல்லோரும் அறிந்ததே.

பசிக்கு விடை கண்ட இதே நகரம், தூரத்தைத் தன் கையாலேயே உண்டாக்கிற்று. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின், அடையாற்றங்கரைக் குடும்பங்களைக் கல்வியாண்டின் நடுவிலேயே லாரிகளில் ஏற்றிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். 2022இல் இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய்க் கரையிலிருந்த வீடுகளை ஏப்ரல் இறுதியில் இடிக்கத் தொடங்கினார்கள். மே 5ஆம் நாள் பன்னிரண்டாம் வகுப்புக்கும், மறுநாள் பத்தாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு! நீதிமன்ற உத்தரவு என்றார்கள். தேர்வு முடியும்வரை பொறுக்க வேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லையா? அங்கே முதியவர் ஒருவர் தீக்குளித்து மாண்ட பிறகே இயந்திரங்கள் நின்றன.

மயிலையிலிருந்து பெரும்பாக்கம் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். பழைய பள்ளியை விட மனமில்லாத பிள்ளை விடியுமுன் எழுந்து, நெரிசலான பேருந்தில் தொங்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள் மணி அடித்துவிடுகிறது. தாமதமாக வந்தவனை வெளியே நிறுத்துகிறோம். நான்கு நாள் நின்றவன் ஐந்தாம் நாள் வராவிட்டால் அவனுக்கு ஓடுகாலி என்று பெயர் சூட்டுகிறோம்.

அரசை மட்டும் சாடிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. நின்றுபோன பையன் எங்கே போகிறான்? கடைக்குப் போகிறான். தேநீர்க் கடை, துணிக்கடை, பை தைக்கும் பட்டறை. அவற்றில் நம்மவர் கடைகள் இல்லையென்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா? "பாவம், ஏழைப் பையன், பிழைத்துப் போகட்டும் என்று சேர்த்தேன்" என்கிறார் முதலாளி. இரக்கம்தான்! தம் மகன் மட்டும் அந்நேரம் பள்ளியில் இருக்கிறான். கட்டாயக் கல்விச் சட்டமோ பதினான்கு வயதோடு கைகழுவிவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் நின்றவனைத் தேடி எந்தச் சட்டமும் வருவதில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் முதன்மை பெற்றவர்களுக்கு ஆண்டுதோறும் மேடை போட்டுப் பரிசளிக்கிறோம். அந்தப் பிள்ளைகள் பாராட்டுக்கு உரியவர்களே. அவர்களோடு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து, இடையில் காணாமற்போனவர்கள் யார் யார்? சந்தா பாக்கி வைத்தவர்களின் பட்டியலைத் தவறாமல் வைத்திருக்கும் நம் ஜமாஅத்துகளில், இந்தப் பட்டியல் எந்த மஹல்லாவில் இருக்கிறது?