வலி மாத்திரையும் மலச்சிக்கலும்: சொல்ல வெட்கம் வேண்டாம்

புற்றுநோய் வலிக்கும் அறுவைச் சிகிச்சைக்குப் பிந்திய வலிக்கும் மார்ஃபின், டிரமடோல் போன்ற ஓபியாய்டு மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. மலேசியாவில் மார்ஃபின் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருவதால், ‘பழகிவிடுமோ’ என்ற அச்சமே குடும்பங்களில் முதலில் எழுகிறது. ஆனால், நோயாளிகள் பலரை அன்றாடம் வாட்டுவது மலச்சிக்கல்.

வலியை அடக்கும் இம்மருந்து குடலிலும் வேலை செய்கிறது. குடலின் அசைவு மந்தமாகிறது. உணவுச் சக்கை அதிக நேரம் தங்கி, நீர் உறிஞ்சப்பட்டு, மலம் இறுகுகிறது. குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் சில நாள்களில் தணியும். மலச்சிக்கலோ மருந்து உட்கொள்ளும் காலம் முழுவதும் நீடிக்கலாம்.

இதை மருத்துவரிடம் சொல்லக் கூசி, மாத்திரையைத் தாங்களே நிறுத்திவிடுவோர் உண்டு. அடங்கிய வலி மீண்டும் தலைதூக்கும். நீண்டநாள் உட்கொண்டதைத் திடீரென நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கும் வரலாம்.

தீர்வு எளிது. வலி மருந்து தொடங்கும்போதே சென்னா, லாக்டுலோஸ் போன்ற மலமிளக்கியும் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். கீரையும் பழமும் நல்லவை. ஆனால் அவை மட்டும் போதாமல் போகலாம். போதிய தண்ணீர் குடிக்காமல் நார்ச்சத்துப் பொடி சாப்பிட்டால் அடைப்பு கூடலாம்.

வயிறு உப்பி, வாந்தி எடுத்து, வாயுகூடப் பிரியாவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வீட்டில் முதியவர் இத்தகைய மாத்திரை எடுத்தால், “வலி குறைந்ததா?” என்பதோடு “வயிறு கழிந்ததா?” என்றும் பிள்ளைகள் கேட்பது நல்லது.