கடைசி மூன்று நாளும் ஒரே ஊரில்!

நண்பர்கள் கூட்டமாக ஐரோப்பா போனால் முதல் வாரத்தில் சண்டையே வராது. எல்லாருக்கும் எல்லாமே புதுசு. ரயிலில் ஜன்னலோர சீட்டைக்கூடச் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுப்பார்கள். சண்டை வருவது கடைசி மூன்று நாட்களில்தான். கால்வலி, துவைக்காத துணி, கரைந்துபோன பணம், பதினைந்து நாளாக ஒரே அறையில் கேட்ட அதே குறட்டை... எல்லாம் சேர்ந்து வெடிக்கக் காத்திருக்கும் நேரம் அது.

அந்த நேரம் பார்த்துத்தான் கூட்டத்தில் ஒருத்தர் ஆரம்பிப்பார்: "டேய், இன்னும் மூணு நாள் இருக்கே, ரெண்டு நாடு பார்த்துடலாமா?"

கூடாது. அந்த மூன்று நாளும் ஒரே ஊரில் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

பாரிஸில் விமானம் ஏறப்போகும் ஐந்து பேரை எடுத்துக்கொள்ளலாம். அங்கிருந்து அதிவேக ரயிலில் பிரஸ்ஸல்ஸ் ஒன்றரை மணி நேரத்துக்குள். ஆம்ஸ்டர்டாம் மூன்றரை மணி நேரம். வரைபடத்தில் பார்த்தால் ரொம்பச் சுலபம்! ஆனால் யூரெயில் பாஸ் இருந்தாலும் இந்த ரயிலில் சீட் முன்பதிவுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் சீட்டுகளும் கொஞ்சம்தான். சரி, ரயில் வேண்டாம், திரும்பி வர மலிவு விமானம் பிடிக்கலாம் என்றால், சில மலிவு விமானங்கள் இறங்குவது பொவே விமான நிலையத்தில். பெயரில்தான் பாரிஸ், நகரத்துக்கும் அதற்கும் நடுவே சுமார் 80 கிலோமீட்டர்.

இவ்வளவு பாடுபட்டு பிரஸ்ஸல்ஸில் என்ன பார்ப்பார்கள்? மன்னகன் பிஸ் சிலையை. உயரம் அரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதுவும் தெருமுனையில் நிற்பது நகல். அசல் அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. ஒரு போட்டோ, ஒரு வாஃபிள், மறுபடி ஸ்டேஷனுக்கு ஓட்டம். 'ஏழு நாடு பார்த்தாச்சு' என்று சொல்லிக்கொள்ளலாம். ஷெங்கன் நாடுகளுக்கு நடுவே பாஸ்போர்ட்டில் முத்திரைகூட விழாது :)

"மறுபடி எப்போ வரப்போறோம்?" என்று கேட்பவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விசாவுக்கு அலைந்து, வீட்டில் கெஞ்சி, கடன் வாங்கி வந்த பயணம். பலருக்கு இது ஒரே வாய்ப்பாகவும் இருக்கலாம். ஆனால் ஆம்ஸ்டர்டாம் எங்கேயும் போய்விடாது. இந்த ஐந்து பேர் வேலை, கல்யாணம், குழந்தை என்று பிரிந்துபோனால் மறுபடி இப்படி ஒன்றாகக் கிளம்புவதுதான் கஷ்டம். எது அரிது என்று யோசித்தால் விடை தானாக வரும்.

ஒரே ஊரில் இருப்பது என்றால் ஐந்து பேரும் மந்தையாகத் திரிவது இல்லை. பகலில் பிரிந்து போக வேண்டும், இரவில் சேர்ந்து சாப்பிட வேண்டும். ஓவியப் பைத்தியம் லூவ்ருக்குப் போகட்டும். ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு 2026 ஜனவரியில் டிக்கெட் 32 யூரோ ஆகிவிட்டது. விருப்பமில்லாதவரை இழுத்துப்போவது அவர் காசுக்கும் கேடு, லூவ்ருக்கும் கேடு. கையில் காசில்லாதவருக்கு கார்னவாலே அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சி இலவசம். ஷோப்பானும் ஆஸ்கார் வைல்டும் உறங்கும் பேர் லாஷேஸ் கல்லறைத் தோட்டமும் இலவசம். கோடையானால் செய்ன் நதியிலேயே குளிக்கலாம். 1923-இல் போட்ட தடைக்குப் பிறகு, 2025 கோடையில்தான் பொதுமக்களுக்கு அங்கே குளிக்க இடங்கள் திறந்தார்கள். ஜூன் மாதத்தில் சூரியன் மறையவே இரவு பத்து மணி ஆகிறது. ஆளுக்கொரு கதையோடு வந்து, ஆற்றங்கரையில் பகெட்டும் சீஸும் பிய்த்துத் தின்றுகொண்டே பேச வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. நாள் முழுக்க ஒட்டிக்கொண்டே திரிந்தவர்களுக்கு ராத்திரி பேச என்ன மிச்சம் இருக்கும்?

கடைசி நாளுக்கு முந்தின இரவு இன்னொரு வேலையும் உண்டு: கணக்குத் தீர்ப்பது. யார் ஹாஸ்டலுக்குக் கட்டினார், யார் மெட்ரோவுக்குக் கொடுத்தார் என்று நிதானமாக உட்கார்ந்து எழுதிவிட வேண்டும். விமான நிலையத்தில் அதற்கு நேரம் கிடைக்காது. வரித் தொகையைத் திரும்பப் பெறுபவர்கள் பெட்டியை ஒப்படைக்கும் முன்பே ரசீதைப் பதிவுசெய்ய வேண்டும். 2025 அக்டோபரில் தொடங்கிய புது எல்லைப் பதிவு முறையில் வெளியேறும்போதும் விவரம் சரிபார்க்கிறார்கள், வரிசை நீளலாம். அந்த வரிசையில் நின்றுகொண்டு "நீ எனக்கு நாற்பது யூரோ தரணும்" என்று ஆரம்பித்தால், நாற்பது யூரோவோடு நட்பும் போகும்.

எத்தனை நாடு பார்த்தார்கள் என்பது ஊர் திரும்பிய ஒரே வாரத்தில் எல்லாருக்கும் மறந்துவிடும். ஆறு மாதம் கழித்தும் அந்த ஐந்து பேரும் ஒருவருக்கொருவர் போன் செய்து பேசிக்கொண்டால், அதுதான் நல்லபடியாக முடிந்த பயணம்.