கடற்கரைச் சாலையும் வரிக்கு எட்டாத மதிப்பும்

கோபன்ஹேகனின் வடக்கு விளிம்பிலிருந்து, ஷேக்ஸ்பியர் தம் ஹாம்லெட் நாடகத்துக்குக் களமாக்கிய ஹெல்சிங்கோர் வரை, ஓரெசுண்ட் நீரிணையின் மேற்குக் கரையில் அடுத்தடுத்து அமைந்துள்ள ஹெலரூப், கிளாம்பன்போர், வெட்பெக், ருங்ஸ்டெட் ஆகிய ஊர்கள் டென்மார்க்கின் மிக வசதியான குடியிருப்புகளுள் அடங்கும். டேனியர் தம் பேச்சுவழக்கில் இக்கரையை 'விஸ்கிப் பட்டை' என்று பாதி கிண்டலாகவும் பாதி பொறாமையாகவும் குறிப்பிடுகின்றனர். காலையில் தலைநகருக்கு வேலைக்குச் சென்று மாலையில் கடற்காற்றுக்குத் திரும்பும் உயர் வருவாய்க் குடும்பங்களின் ஊர்கள் இவை. இந்தச் செல்வத்தை அங்கு வாழ்வோரின் உழைப்பும் திறமையும் மட்டுமே ஈட்டித் தந்ததாகக் கருதுவது எளிது என்றாலும், ருங்ஸ்டெட்டின் வரலாற்றைச் சற்று நெருங்கிப் பார்த்தால், அதன் நிலமதிப்பில் பெரும்பகுதி பொதுப்பணத்தாலும் பொதுச்சட்டத்தாலும் விளைந்தது என்பது புலப்படும்.

ருங்ஸ்டெட், ஏறத்தாழ 25,000 பேர் வாழும் ஹோர்ஸ்ஹோல்ம் நகராட்சிக்கு உட்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே அரச குடும்பத்தின் கோடைக்கால அரண்மனை இருந்தது. மனநலம் குன்றிய ஏழாம் கிறிஸ்தியான் மன்னரின் மருத்துவராக வந்து நாட்டின் ஆட்சியையே கைக்கொண்ட ஸ்ட்ரூயென்சே, அரசி கரோலின் மத்தில்டாவுடன் 1771-இன் கோடையை இங்குதான் கழித்தார். அடுத்த ஆண்டு அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரண்மனை இடிக்கப்பட்டுவிட, அந்த இடத்தில் இப்போது ஒரு தேவாலயம் நிற்கிறது. அரசர்களைப் பின்பற்றிக் கோபன்ஹேகன் வணிகர்களும் இக்கரையில் கோடை மாளிகைகள் எழுப்பினர். தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை கோட்டை வைத்திருந்த அதே நாட்டின் கடல்வணிகமும், கரீபியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பில் நடந்த கரும்புத் தோட்டங்களுமே அம்மாளிகைகள் பலவற்றுக்குப் பணம் தந்தன. ஹெலரூப்பில் இன்று அருங்காட்சியகமாக உள்ள ஓரெகோர் மாளிகை, செயின்ட் குரோய் தீவின் தோட்ட உரிமையாளர் ஒருவருக்காக 1800-களின் தொடக்கத்தில் கட்டப்பட்டதாகும்.

கோடை மாளிகைகளின் கரை ஆண்டு முழுவதும் குடியிருக்கும் ஊராக மாறியதற்குக் காரணம் ரயில். 1897-இல் அரசு திறந்த கரையோர ரயில்பாதை, மீனவரும் உழவரும் வாழ்ந்த சிற்றூர்களைத் தலைநகரோடு இணைத்தது. பின்னாளில் கோபன்ஹேகன் மத்திய நிலையத்தை வடிவமைத்த ஹைன்ரிக் வெங்க், இப்பாதையின் நிலையங்களையும் வடிவமைத்தார். அவற்றுள் பல இன்னும் பயன்பாட்டில் உள்ளன. 1917-இல் நகரின் அடியாகச் சென்ற சுரங்கப்பாதை, அதுவரை ஊஸ்டர்போர்ட் நிலையத்தில் நின்றுவிட்ட இந்தப் பாதையை மத்திய நிலையத்தோடு இணைத்தது. ருங்ஸ்டெட்டிலிருந்து நகரின் நடுப்பகுதிக்கு இன்றும் ஏறக்குறைய அரை மணி நேரப் பயணமே ஆகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கார் பெருகியபோதும் அரசே முன்வந்தது: 1956-இல் திறக்கப்பட்ட டென்மார்க்கின் முதல் அதிவேக நெடுஞ்சாலை, தலைநகரின் வடக்கு எல்லையிலிருந்து ஹோர்ஸ்ஹோல்ம் வரைதான் போடப்பட்டது. நாட்டின் முதல் அதிவேகச் சாலை எந்த ஊர்க்காரர்களை அலுவலகத்துக்கு ஏற்றிச் சென்றது என்பதைக் கவனித்தாலே, பொதுப்பணம் தனியார் மனையின் விலையாக மாறும் வழி விளங்கிவிடும்.

ரயிலும் சாலையும் ஊரை நகரத்துக்கு அருகில் கொண்டுவந்தன. ஊர் நகரமாகிவிடாமல் காத்தது சட்டம். 1917-இன் இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் கடற்கரையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. 1937-இன் சட்டம் கரையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தியது. 1994-இல் கட்டடங்கள் நெருங்காத பகுதிகளில் இவ்வெல்லை 300 மீட்டராக விரிந்தது. தலைநகரை உள்ளங்கையாகவும் ரயில்பாதைகளை விரல்களாகவும் கொண்டு, விரல்களுக்கு இடையே வயலையும் காட்டையும் விட்டுவைக்கச் சொன்ன 1947-இன் 'விரல் திட்டம்' நகரம் கண்டபடி பரவுவதைத் தடுத்தது. ஊரைச் சூழ்ந்த காடுகளில் கணிசமானவை அரசுக்குச் சொந்தமானவை. கடலைப் பார்த்த வீட்டின் முன்னே இன்னொரு வீடு எழாது, பின்னே உள்ள காடு மனைப்பிரிவாகாது என்ற உறுதி, அந்த வீட்டின் விலையில் எழுதப்படாத ஒரு பங்காகச் சேர்ந்துவிடுகிறது.

பொதுவில் விளைந்த இம்மதிப்பைப் பொதுவுக்குத் திருப்ப டேனிய சமூகம் கண்ட வழிகள் மூன்று. அவற்றுள் நன்றாக வேலை செய்வது கரையில் நடக்கும் உரிமை. கரை தனியாருடையதாக இருந்தாலும் எவரும் அதில் கால்நடையாகச் செல்லலாம், சிறிது நேரம் அமரலாம், குளிக்கலாம். குடியிருப்புக் கட்டடத்திலிருந்து 50 மீட்டருக்குள் உட்காருவதும் குளிப்பதும் மட்டும் கூடாது என்கிறது சட்டம். பல கோடி குரோனர் பெறுமானமுள்ள தோட்டத்தின் ஓரமாக எந்த ஊரைச் சேர்ந்தவரும் கேள்வியின்றி நடந்து செல்லலாம். சட்டம் கேட்காததையும் செய்தவர் ஒருவர் இவ்வூரில் வாழ்ந்தார். கென்யாவில் காப்பித் தோட்டம் நடத்தித் தோற்றுத் திரும்பிய எழுத்தாளர் காரென் பிளிக்ஸன் (1885–1962), தாம் பிறந்த ருங்ஸ்டெட்லுண்ட் வீட்டில்தான் தம் புகழ்பெற்ற நூல்களை எழுதினார். அவர் 1958-இல் அந்த வீட்டையும் அதன் பூங்காவையும் ஓர் அறக்கட்டளையிடம் சேர்த்து, பூங்காவைப் பறவைகளின் சரணாலயமாக்கத் தம் வாசகர்கள் ஆளுக்கு ஒரு குரோனர் தரவேண்டும் என்று வானொலியில் வேண்டினார், பல்லாயிரவர் அனுப்பினர். கடலோரத்தின் விலைமிக்க நிலமொன்றில் ஒரு பங்கு இவ்வாறு ஒரு குரோனர் தந்தவர்களுடையதாயிற்று.

இரண்டாவது வழி, நகராட்சிகளுக்கிடையிலான வருவாய்ச் சமன்படுத்தல். டென்மார்க்கில் பள்ளி, குழந்தைகள் காப்பகம், முதியோர் பராமரிப்பு ஆகியவை நகராட்சியின் பொறுப்பு. இவற்றுக்கான பணத்தில் பெரும்பகுதி நகராட்சியே விதிக்கும் வருமான வரியிலிருந்து வருகிறது. இதன் நாடளாவிய சராசரி ஏறத்தாழ 25 சதவீதம். செல்வர் வாழும் நகராட்சி, குறைந்த வீதத்திலேயே போதிய வரி திரட்டிவிடும். லோலண்ட் தீவு போன்ற நலிந்த பகுதிகள் அதிக வீதம் விதித்தும் திணறும். இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்க, தலைக்கு உரிய வரி அடிப்படை சராசரியைவிட உயர்ந்த நகராட்சிகள், தாழ்ந்தவற்றுக்குப் பணம் தர வேண்டும் என்பது விதி. கென்டோஃப்ட, ருடர்ஸ்டால், ஹோர்ஸ்ஹோல்ம் ஆகியவை ஆண்டுதோறும் செலுத்துவோர் வரிசையில் இருக்கின்றன. தங்கள் முதியோர் பராமரிப்புக்கான பணம் வெளியே போகிறது என்ற முறையீடு இவ்வூர்களின் அரசியலில் ஓயாத பல்லவி. ஹோர்ஸ்ஹோல்மில் முதியோர் விகிதம் நாட்டின் சராசரியைவிடக் கூடுதல் என்பதால் அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் இவ்வளவு செலுத்திய பிறகும் அங்கே வரி வீதம் சராசரிக்குக் கீழே நிற்கிறது என்பதை அம்முறையீடு வசதியாக மறந்துவிடுகிறது.

மேலும், பணம் எல்லை தாண்டிப் போனாலும் மனிதர் தாண்டி வருவதில்லை. ருங்ஸ்டெட்டுக்கு அடுத்த ரயில் நிலையம் கொக்கெடால்; நிலையத்துக்கு அப்பாலுள்ள ஃபிரெடென்ஸ்போர் நகராட்சிப் பகுதியில் 1970-களின் பாணியிலான பெரிய வாடகைக் குடியிருப்புகள் உள்ளன. இவை 'பொதுநல வீடுகள்', அதாவது இலாப நோக்கற்ற சங்கங்கள் நடத்தி, நகராட்சியும் ஒரு பகுதியைத் தகுதியானோருக்கு ஒதுக்கும் வீடுகள். நாட்டின் வீடுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இவ்வகையைச் சேர்ந்தது. ஒரே பாதையில் சில நிமிட இடைவெளியில் இருவேறு வருமான உலகங்கள். இவ்விரு நகராட்சிகளையும் மெய்யாகவே ஒரே மேசையில் அமர வைத்தது உசரட் ஆறுதான்: ஏரியிலிருந்து கிளம்பி ஹோர்ஸ்ஹோல்ம் வழியாகக் கொக்கெடாலுக்கு இறங்கும் அச்சிற்றாறு பெருமழையில் கரைபுரண்டபோது, மேல்நிலத்தில் நீரைத் தேக்காமல் கீழ்நிலத்தைக் காக்க இயலாது என்பதால், கரையோர நகராட்சிகள் கூடித் திட்டமிட வேண்டியதாயிற்று. வீட்டுவசதியில் அத்தகைய கட்டாயம் எதுவும் இல்லை. புதிய குடியிருப்புத் திட்டங்களில் 25 சதவீதம் வரை பொதுநல வீடுகளுக்கு ஒதுக்கக் கோரும் அதிகாரத்தை 2015-இன் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்குக் கொடுத்தது; கோர வேண்டும் என்று சொல்லவில்லை. அதோடு, புதுநிலமே இல்லாத கடற்கரை ஊரில் அந்த அதிகாரம் ஏட்டளவிலேயே நிற்கிறது.

மூன்றாவது வழியான நிலவரி, மிகவும் தேவைப்பட்ட இடத்திலேயே பலவீனப்பட்டது. நிலத்தின் மதிப்பைச் சமூகமே உருவாக்குகிறது, எனவே அதற்கே வரி விதிக்க வேண்டும் என்ற அமெரிக்கர் ஹென்றி ஜார்ஜின் கோட்பாட்டை, டேனியச் சிறு விவசாயிகள் 1902-இல் கோகே நகரில் கூடித் தங்கள் தீர்மானமாக்கிக்கொண்டனர். 1920-களில் அது சட்டமாயிற்று. ஒரு சில ஏக்கர் உழுதவர்கள் போராடிப் பெற்ற அந்த வரிதான் ருங்ஸ்டெட்டுக்கு மிகப் பொருத்தமாக இருந்தது என்பது விந்தை. ஆனால் 2001 இறுதியில் பதவியேற்ற அரசு, நிலவரியோடு சேர்த்து விதிக்கப்படும் வீட்டு மதிப்பு வரியை 2002 முதல் குரோனர் அளவிலேயே உறையவைத்தது. நிலவரிக் கணக்கின் ஆண்டு உயர்வுக்கும் 7 சதவீத உச்சவரம்பு வந்தது. 40 லட்சம் குரோனர் மதிப்பிலிருந்த ஒரு கடற்கரை வீடு ஒரு கோடியைத் தொட்டது என்று வைத்துக்கொண்டால், உயர்ந்த 60 லட்சத்துக்கு வீட்டு மதிப்பு வரி இல்லை. விலையே உயராத லோலண்ட் வீட்டுக்காரருக்கோ இச்சலுகையால் பயன் ஏதுமில்லை. மதிப்பீட்டு முறை நம்பத்தக்கதல்ல என்று அரசுத் தணிக்கைத் துறை 2013-இல் கண்டித்தபின் மதிப்பீடுகளே நிறுத்தப்பட்டன. 2024 தொடக்கத்தில்தான் புது முறை நடைமுறைக்கு வந்தது: அவ்வாண்டு வீட்டு மதிப்பு வரி, வரிக்குரிய மதிப்பில் 92 லட்சம் குரோனர் வரை 0.51 சதவீதம், அதற்கு மேல் 1.4 சதவீதம். ஏற்கெனவே வீடு வைத்திருப்போருக்கு வரி கூடினால் அந்த உயர்வு தள்ளுபடியாகக் கழிக்கப்படும். வீடு விற்கப்படும்போது தள்ளுபடி முடிவுக்கு வரும். ஆகவே கடலோரத்துப் பழைய குடும்பங்கள் நகராமல் இருக்கும் வரை, சீர்திருத்தத்தின் சுமையைப் புதிதாக வருவோரே ஏற்பர்.

இதையே தமிழ்நாட்டில் பார்க்க வேண்டுமானால் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குச் சென்றால் போதும். நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் பகுதிகளின் மனைவிலையை உயர்த்தியதும் அரசு போட்ட சாலைதான். கடலோரக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் 1991-இன் மத்திய அறிவிக்கையும் அங்கே இருக்கும் வீடுகளின் அருமையைக் கூட்டியது. இவ்வூர்கள் 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தபோதோ, மாநகரின் சொத்துவரி 1998-இல் நிர்ணயித்த அடிப்படையிலேயே நின்றது. 2018-இல் உயர்த்த முயன்று அடுத்த ஆண்டே பின்வாங்கிய அரசு, 2022 ஏப்ரலில் மாநகரின் பழைய பகுதிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 50 சதவீதமும் 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 150 சதவீதமும் என உயர்த்தியது; 2011-இல் இணைந்த இப்பகுதிகளில் உயர்வு அதைவிடக் குறைவு. அளவுகோல் கட்டடத்தின் பரப்பளவு. அடியிலுள்ள நிலம் சாலையாலும் கடலாலும் எவ்வளவு மதிப்பேறியது என்பதை அது நேரடியாக அளப்பதில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் உறைந்த வரியை விடுவிக்க டேனிய அரசுக்கு ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது. சென்னையிலோ, நிலமதிப்பு இன்னும் வரியின் நேரடி அடிப்படையாகவில்லை.